நம் கதைகளில் இல்லாத வாசல்

போன மாதம் ஈப்போவில் ஒரு நண்பர் வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து படம் பார்த்தோம். எமானுவேலே கிரியாலேசே இயக்கிய 'நுவோவோமொந்தோ'. 2006இல் வந்த இத்தாலியப் படம், தலைப்புக்கு 'புது உலகம்' என்று பொருள். சிசிலித் தீவின் ஒரு கல்லுக்காட்டுக் கிராமத்தில் இருந்து சல்வத்தோரே என்கிற ஏழை விவசாயி தன் அம்மாவையும் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறான். அவ்வளவுதான் கதை.

படம் முடிந்ததும் ஒருவர் கேட்டார்: "இந்த மாதிரி நம்மகிட்ட ஒண்ணு இருக்கா?"

"ஏன் இல்ல? நம்ம இலக்கியமே கப்பல் ஏறி வந்த இலக்கியம்தானே" என்று சொல்லிவிட்டு வரிசையாகப் பெயர்களை அடுக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே நின்றுவிட்டேன். நான் அடுக்கிய எதிலும் இந்தப் படத்தில் பார்த்தது இல்லை. காரில் பாகான் டத்தோவுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். இந்தக் கட்டுரை அந்த யோசனைதான்.

படத்தில் என்ன இருந்தது? கப்பல் நியூயார்க்கைத் தொடுகிறது. ஆனால் நகரம் கண்ணில் படுவதே இல்லை. மூடுபனி. அதற்குப் பிறகு படத்தின் பெரும்பகுதி எல்லிஸ் தீவு என்கிற குடிநுழைவு நிலையத்துக்குள்ளேயே நடக்கிறது. வரிசையில் நிற்க வைக்கிறார்கள், உடம்பைச் சோதிக்கிறார்கள், மரக்கட்டைகளைக் கொடுத்துச் சேர்த்துக் காட்டச் சொல்கிறார்கள். சேர்க்கத் தெரியாதவன் மந்தபுத்திக்காரன், நாட்டுக்கு ஆகாதவன். சல்வத்தோரேவின் அம்மா ஃபொர்த்துனாத்தா அதிகாரிகளுக்கு அடங்கிப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாள். அவள் திரும்பிப் போக வேண்டியதுதான். அமெரிக்காவை ஒரு காட்சியிலும் காட்டாமல் அமெரிக்காவைப் பற்றிய படத்தை எடுத்திருக்கிறார் கிரியாலேசே. வாசலே கதை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம்மிடம் கப்பல் இருக்கிறது. தோட்டம் இருக்கிறது. கங்காணியின் பொய் இருக்கிறது. வாசல் இல்லை.

கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பாரதி 'கரும்புத் தோட்டத்திலே' பாடலில் ஃபிஜிக்குப் போன பெண்களுக்காக அழுதார். புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி'யில் மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். ப. சிங்காரம் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டிலும் பினாங்கையும் மேடானையும் எழுதினார். ஆனால் அது பெட்டியடிப் பையன்களின், வட்டிக்கடைக்காரர்களின் உலகம். கூலிக்கு வந்தவனின் பயணம் அதுவல்ல. அகிலன் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். கித்தாத் தோட்ட வாழ்க்கைதான் அதன் களம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' இரண்டும் ஜப்பான்காரன் காலத்து மரண ரயில் பாதையை எழுதின. இவை எல்லாம் எனக்கு வேண்டியவை. எதையும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நான் படித்தவரை, கப்பலில் இருந்து இறங்கியவன் தோட்டத்து லயத்துக்குப் போய்ச் சேர்கிற அந்த இடைவெளியில் யாரும் நின்று பார்க்கவில்லை. ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

அந்த இடைவெளியில் என்னதான் இருந்தது?

என் பாட்டி கைக்குழந்தையாகப் பினாங்கில் இறக்கப்பட்டவர். 1937 கடைசியிலோ 1938 தொடக்கத்திலோ. பெரியவர்கள் சொல்லும்போது "கப்பல் நிக்கிறதுக்கு முந்தின கப்பல்" என்பார்கள். அது என்ன கணக்கு என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. அந்தப் பயணத்தைப் பற்றிப் பாட்டியின் அம்மா சொல்லி, பாட்டி எங்களுக்குச் சொன்னது ஒரே ஒரு சம்பவம்தான். ஒரு தீவில் எல்லாரையும் இறக்கி, கட்டியிருந்த துணி, மூட்டையில் இருந்த துணி எல்லாவற்றையும் வாங்கி ஆவியில் வேகவைத்துக் கொடுத்தார்களாம். கல்யாணப் புடவை சாயம் போய், சுருங்கி, சின்னப்பிள்ளை கட்டுகிற மாதிரித் திரும்பி வந்ததாம். "எங்கம்மா செத்துப்போற வரைக்கும் அந்தப் பொடவையத்தான் சொல்லும். தோட்டத்துல பட்டத சொல்லாது" என்பார் பாட்டி.

அந்தத் தீவு புலாவ் ஜெரெஜாக். பினாங்குக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் இருக்கிறது. கப்பலின் மேல்தளத்தில் வந்த கூலிகளைத் தொற்றுநோய்க்குப் பயந்து முதலில் அங்கேதான் அடைத்தார்கள். கேபினில் வந்தவர்களுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. எல்லிஸ் தீவிலும் இதே கதைதான். முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே மரியாதையாகப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். கப்பலின் அடித்தட்டில் வந்தவன்தான் தீவுக்குப் போக வேண்டும். அங்கே மருத்துவர்கள் சட்டையில் சாக்கட்டியால் எழுத்து எழுதுவார்கள். இதயக் கோளாறுக்கு ஓர் எழுத்து, கண் நோய்க்கு ஓர் எழுத்து, புத்தி சரியில்லை என்று சந்தேகப்பட்டால் ஒரு பெருக்கல் குறி.

இத்தாலியக் கதையையும் நம் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமைகள் ஆச்சரியமாகத்தான் இருக்கின்றன. 1880க்கும் 1924க்கும் இடையில் ஏறத்தாழ 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்கா போனார்கள். மலாயாவுக்கு வந்த இந்தியர்கள், காலனியாட்சிக் காலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், அவர்களும் ஏறத்தாழ 40 லட்சம். பெரும்பாலோர் தமிழர்கள். இரண்டு கூட்டத்திலும் வந்தவர்களில் பெரும் எண்ணிக்கையினர் திரும்பிப் போனார்கள். நமக்குக் கங்காணி என்றால் அவர்களுக்கு 'பத்ரோனே'. தன் ஊர்க்காரனையே ஆள் பிடித்துவந்து, கடன் கொடுத்து, வேலையில் சேர்த்துவிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்கிறவன். நம் கங்காணிக்குத் தலைக்காசு. ஆள் வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளுக்கும் இத்தனை காசு.

பொய்களும் ஒரே மாதிரி. படத்தில் அமெரிக்காவில் இருந்து வந்ததாகச் சில படங்களைக் காட்டுகிறார்கள். ஆளை விடப் பெரிய கோழி, வண்டி அளவுக்கு வெங்காயம், காசு காய்க்கிற மரம். இலங்கைக்குப் போனவர்களுக்குத் தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொன்ன கதையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். சல்வத்தோரே கனவில் பால் ஆற்றில் நீந்துகிறான். அந்தக் காட்சியில் எங்கள் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "பாலாம்! இவனயும் மரம் வெட்டத்தான் கூட்டிட்டுப் போறானுங்க!"

ஆனால் வேற்றுமையில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்க வாசல் ஆட்களைத் தள்ளுவதற்கு. மலாயா வாசல், நம் விஷயத்தில், ஆட்களை இழுப்பதற்கு.

1907இல் இங்கே தமிழர் குடிவரவு நிதி என்று ஒன்று தொடங்கினார்கள். தோட்ட முதலாளிகள் தாங்கள் வேலை வாங்குகிற ஆட்களின் கணக்குப்படி அதில் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் கூலிகளின் பயணச் செலவு, முகாம் செலவு எல்லாம் நடக்கும். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது. பிறகு கங்காணியிடம் உரிமச்சீட்டு இருக்கும். அதைக் கொண்டுபோய் ஊரில் ஆள் சேர்த்து, கிராம முன்சீப்பிடம் காட்டி, ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் சேர்க்க வேண்டும். அங்கே அதிகாரியும் மருத்துவரும் பார்த்து அனுப்புவார்கள். ஆக, நம் வாசல் பினாங்கில் தொடங்கவில்லை, ஊர் முன்சீப் வீட்டுத் திண்ணையில் தொடங்குகிறது. இத்தாலியர்களுக்கும் அப்படித்தான். தள்ளப்பட்டவனைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு கப்பல் கம்பெனி தலையில் விழுந்ததால், நேப்பிள்ஸ் துறைமுகத்திலேயே சோதித்துக் கழித்துவிடுவார்கள்.

இழுக்கிற வாசல் எப்போது வேண்டுமானாலும் தள்ளுகிற வாசலாகலாம். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களை அதே நிதிச் செலவில் கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். வரும்போது இலவசம், போகும்போதும் இலவசம்.

அதே காலத்தில்தான் மலாயா அரசாங்கம் சீனர்கள் மீது கதவைச் சாத்தியது. 1928ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு 1930இல் சீனத் தொழிலாளிகளுக்கு மாதாந்தர வரம்பு வைத்தார்கள். 1933இல் அந்நியர் சட்டம் வந்தது. அதில் நாம் அந்நியர் இல்லை, பிரிட்டிஷ் குடிமக்கள். நமக்கு அந்த வரம்பு இல்லை. அமெரிக்கா 1924இல் இத்தாலியர்களுக்கு ஆண்டுக்கு 3,845 பேர் என்று கதவை ஏறக்குறைய மூடியது. வருஷத்துக்கு லட்சக்கணக்கில் போய்க்கொண்டிருந்த கூட்டத்துக்கு இந்த எண். இங்கே அந்த மாதிரி எண் பக்கத்து வரிசையில் நின்ற சீனனுக்குத்தான் வந்தது. நாம் நம் வரிசையில் நடந்து உள்ளே போனோம்.

நம்முடைய கதவை மூடியது முதலில் இந்திய அரசாங்கம். சீனிவாச சாஸ்திரி வந்து பார்த்துவிட்டுப் போனார், கூலிப் பிரச்சினை தீரவில்லை, 1938இல் உதவியோடு கூலிகளை அனுப்புவதை இந்தியா நிறுத்தியது. பாட்டி சொன்ன 'கப்பல் நிக்கிறது' இதுதான். பிறகு 1953இல் மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சீனனுக்கு இருந்த கதவு இப்போது நமக்கும். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் தோட்டத்தை விட்டுக் கப்பல் ஏறினார்கள். இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளும் அந்தக் கப்பலில் போனார்கள்.

இவ்வளவும் நடந்திருக்கிறது. இதில் எத்தனை நாவல்கள் இருக்கின்றன! ஏன் எழுதவில்லை?

எனக்கு மூன்று காரணங்கள் தோன்றுகின்றன. முதலாவது எளிது. வாசலில் நடந்தது முழுவதும் புரியாத மொழியில், எழுதத் தெரியாதவர்களுக்கு நடந்தது. புரியாததை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. ஞாபகத்தில் நிற்பது ஒரு சுருங்கிய புடவைதான்.

இரண்டாவது, நம் இலக்கிய ரசனை. துன்பம் என்றால் நமக்கு ரத்தம் வேண்டும், சவுக்கு வேண்டும், தொரை வேண்டும். வில்லன் இல்லாத துன்பத்தை எழுத நமக்குப் பழக்கம் இல்லை. படிவத்தை நிரப்பச் சொல்கிற கிராணி வில்லன் கிடையாது. அவர் "நாளைக்கு வாங்க" என்று மரியாதையாகத்தான் சொல்கிறார். அதில் ஒரு வாழ்க்கையே போய்விடும் என்பதை எழுத வேறு மாதிரி உரைநடை வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். நம்மை 'பெண்டாத்தாங்' என்கிறார்கள், வந்தேறி. அதற்கு நாம் கண்டுபிடித்த பதில், "இந்த நாட்டைக் கட்டினவங்க நாங்க" என்பது. காட்டை அழித்தோம், ரோடு போட்டோம், தண்டவாளம் போட்டோம். உண்மைதான். ஆனால் அந்தப் பதில் நம் இலக்கியத்தின் கண்ணையும் கட்டிவிட்டது. உழைப்பை எழுதினால் உரிமை வரும், வாசலை எழுதினால் 'வந்தவன்' என்பது தெரிந்துவிடும் என்கிற பயம். அதனால் நம் நாவல்களில் மனிதர்கள் தோட்டத்திலேயே முளைக்கிறார்கள். வந்ததை மறைத்தால்தான் இருக்க முடியும் என்று நினைத்தோம். மறைத்ததால் யாருடைய கதை விட்டுப்போனது என்று பார்க்கவில்லை.

பாட்டியின் கதை விட்டுப்போனது. தென்னைத் தோட்டத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர். தரையில் நட்ட இரும்பில் தேங்காயைக் குத்தி உரித்துக் கொப்பரைக் கொட்டகைக்கு அனுப்புகிற வேலை. கைரேகை தேய்ந்துவிட்டது. அவர் ஐசி சிவப்பு. 2011இல் இறக்கும்வரை சிவப்புத்தான். மூன்று முறை மனு போட்டோம். ஒருமுறை பிறந்த பத்திரம் கேட்டார்கள், ஒருமுறை மலாய் பேசச் சொன்னார்கள். "பேசினேன். மீன்காரன்கிட்ட பேசுற மாதிரி பேசினேன். அவரு சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். முடிஞ்சிபோச்சி" என்றார் பாட்டி. மூன்றாவது முறை பதிலே வரவில்லை. படத்தில் ஃபொர்த்துனாத்தா அதிகாரியிடம், நான் ஆகும் ஆகாது என்று சொல்ல நீ யார் என்பது போல நிமிர்ந்து நிற்கும்போது எனக்குப் பாட்டியின் அந்தச் சிரிப்புத்தான் ஞாபகம் வந்தது. ஒரு கிழவி நிமிர்ந்து நின்றாள், ஒரு கிழவி சிரித்துவிட்டு வந்தார். தீர்ப்பு ஒன்றுதான்.

கிரியாலேசேயின் படத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. அது ரொம்ப அழகாக இருக்கிறது. கடைசியில் எல்லாரும் பால் கடலில் நீந்துகிற காட்சியோடு முடித்துவிடுகிறார். வாசலைத் தாண்டியவன் பிறகு என்ன ஆனான், அடுத்து வந்தவனை அவன் எப்படிப் பார்த்தான் என்ற கேள்வி அந்தப் பாலில் கரைந்துவிடுகிறது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் தள்ளப்பட்ட கூட்டங்களின் பேரப்பிள்ளைகள் இன்று யாருக்குக் கதவை மூடச் சொல்கிறார்கள் என்பது செய்தி பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். படம் அதைத் தொடவில்லை. நாம் எழுதினால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்தக் கேள்வி எங்கள் ஊரில் தினமும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறது.

பாகான் டத்தோ பேராக் ஆற்றின் முகத்துவாரம். அந்தப் பக்கம் சுமத்ரா. இன்று தென்னந்தோப்பிலும் செம்பனைத் தோட்டத்திலும் வேலை செய்பவர்கள் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள். எங்கள் ஆட்கள் இருந்த லயங்களில் சிலவற்றில் இப்போது அவர்கள் இருக்கிறார்கள். முகவருக்குக் கட்டிய கடனை அடைக்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். முகவர் அவர் ஊர்க்காரராம். கங்காணி என்ற சொல் அவருக்குத் தெரியாது. 2015 செப்டம்பரில் ஊத்தான் மெலிந்தாங்குக்கும் சபாக் பெர்ணமுக்கும் அருகே கடலில் ஒரு மரப்படகு கவிழ்ந்தது. சுமத்ராவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த இந்தோனேசியத் தொழிலாளிகள். பல பத்துப் பேர் இறந்தார்கள். கடிதாசி இல்லாததால் சட்டப்படி வெளியே போகக்கூட வழியில்லாமல் இரவில் படகு ஏறுகிறவர்களின் வழி அது. உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல். நாம் இரண்டையும் தாண்டியவர்கள்.

அந்த வாரம் எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். சொந்தக்கார மாமா ஒருவர், நல்லவர், கோயில் வேலைக்கெல்லாம் முதல் ஆளாக நிற்பவர், பேப்பரை மடித்துவிட்டுச் சொன்னார்: "பெர்மிட் இல்லாம வந்தா இப்படித்தான். யாரு இவனுங்கள வரச் சொன்னா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். "நம்ம பாட்டிய யாரு வரச் சொன்னா மாமா?" என்று ஒரு வார்த்தை. வாய் வரவில்லை. அந்தக் கேள்வியை எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு கதை, ஒரு நாவல் நான் படித்து வளர்ந்தவற்றில் இருந்திருந்தால் வந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. மாமாவும் வாசகர்தான். மரண ரயில் கதைகளைப் படித்துவிட்டு அழுதவர். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. நம் இலக்கியம் அவருக்குத் தண்டவாளத்தில் செத்த தாத்தாவைக் காட்டியது. வரிசையில் நின்ற தாத்தாவைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அந்தப் படகில் இருந்தவர்களை அவருக்கு அடையாளம் தெரிந்திருக்கும்.

இளம் எழுத்தாளர்கள் பலர் இப்போது தோட்டத்துக் கதைகள் போதும் என்கிறார்கள். பெரட்டுக்களம், தண்டல், கள்ளுக்கடை என்று ஒரே காட்சிகள் என்று சலித்துக்கொள்கிறார்கள். சலிப்பு நியாயம்தான். ஆனால் தோட்டம் தீர்ந்துவிட்டது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜெரெஜாக் தீவில் துணியில்லாமல் புடவைக்காகக் காத்திருந்த பெண்களை யாரும் எழுதவில்லை. பக்கத்து வரிசையில் நின்ற சீனனை எழுதவில்லை. 1970இல் கப்பல் ஏறுமுன் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ளப் போன பிள்ளையை நான் எந்தக் கதையிலும் பார்க்கவில்லை. வீட்டில் தேடினால் ஆளுக்கு ஒரு கடிதாசி கிடைக்கும். அங்கிருந்து தொடங்கலாம்.

பாட்டியின் சிவப்பு அட்டை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. இறப்பைப் பதியும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அம்மா தொலைந்துவிட்டது என்று சொல்லி, பிஸ்கட் டின்னில் போட்டு வைத்துவிட்டார். படத்தில் பாட்டி கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கிறார். அங்கே யாரோ "அடுத்தது" என்று கூப்பிட்டிருக்க வேண்டும்.